வாய் திறவாத கணவன்: 1914-ஆம் ஆண்டின் வங்கச் சிறுகதைகளும் குடும்ப வரலாறும்

(சற்றே நீண்ட பதிவு. இந்திய இலக்கியம், சமூக வரலாறு பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

நம் மொழிகளின் தொடக்ககாலச் சிறுகதைகளில் சிதைந்த மணவாழ்வைப் பற்றிப் பேசும்போது, கொடுமைக்கார மாமியாரும் பணத்தாசை கொண்ட மாமனாருமே முதலில் நினைவுக்கு வருகின்றனர். கதைகளை ஊன்றி வாசித்தால் இன்னொருவன் தென்படுவான். அவன் மனைவியை அடிப்பதில்லை, ஏசுவதில்லை, அவளை உண்மையாகவே நேசிக்கிறான். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் பேசுவதில்லை. இந்த மௌனத்தை ஒரு குற்றமாக முதலில் பதிவுசெய்த ஆவணங்களுள் சிறுகதையும் ஒன்று என்பதே இப்பதிவின் வாதம். இதற்கு இரவீந்திரநாத் தாகூர் 1914-ஆம் ஆண்டில் எழுதிய சில கதைகளைச் சான்றாகக் கொள்கிறேன்.

முதலில் சட்டத்தின் நிலை. அன்றைய இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு என்னும் வழி பொதுவாக இல்லை. அதே வேளையில், பிரிந்து வாழும் மனைவியைத் தன் வீட்டுக்கு வரச்செய்யுமாறு கணவன் நீதிமன்றத்தை நாடலாம். பம்பாயில் 1884-இல் தொடங்கிய ருக்மாபாய் வழக்கு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. பதினோரு வயதில் மணம் முடிக்கப்பட்ட அவர், கணவர் வீட்டுக்குச் செல்ல மறுத்தார். 1885-இல் அவருக்குச் சார்பாக வந்த தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியது. 1887-இல், கணவருடன் வாழ வேண்டும் அல்லது ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. 1888-இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட பின்னரே அவர் விடுபட்டு, இலண்டனில் மருத்துவம் பயின்றார். மணவுறவுக்கு உடன்படும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டம்கூட வங்கத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. குடும்பம் அந்நிய அரசு நுழையக் கூடாத இடம் என்பது அன்றைய தேசியவாதிகளில் ஒரு பெரும்பகுதியினரின் நிலைப்பாடு.

அதே 1891-இல் 'ஹிதபாதி' இதழில் தாகூரின் 'தேனா பாவ்னா' வெளிவந்தது. கொடுக்கல் வாங்கல் என்று பொருள்படும் இத்தலைப்பு கணக்கேட்டின் மொழியிலிருந்து வந்தது. நிருபமாவின் தந்தை பத்தாயிரம் ரூபாய் வரதட்சணையை முழுமையாகக் கட்ட இயலாமல் சீரழிகிறார். மணமேடையில் தன் தந்தையை எதிர்த்து அவளை மணந்த இளைஞன், பின்னர் வேலை நிமித்தம் வெளியூர் சென்றுவிடுகிறான். நிருபமா இறந்தபின், மனைவியை அனுப்பிவையுங்கள் என்று அவனிடமிருந்து கடிதம் வருகிறது. புதிய பெண் பார்த்தாயிற்று, இம்முறை இருபதாயிரம், அதுவும் கையிலேயே என்பது அவனுக்குக் கிடைக்கும் பதில். இக்கதையில் கணவன் நல்லவன். ஆனால் கதை நடக்கும் இடத்தில் அவன் இல்லை. அவன் இல்லாமையைக் கதை கேள்விக்கு உட்படுத்தவும் இல்லை. அக்கேள்வி எழ மேலும் இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

1914 சனவரியில் கல்கத்தாவில் சினேகலதா என்னும் பதின்வயதுப் பெண் தீக்குளித்து இறந்தாள். தன் வரதட்சணைக்காகத் தந்தை வீட்டையே இழக்கும் நிலை வந்ததை அவளால் தாங்க இயலவில்லை. நாளிதழ்கள் அவளைத் தியாகியாக்கின. கூட்டங்கள் நடந்தன; வரதட்சணை வாங்குவதில்லை என்று இளைஞர்கள் உறுதிமொழி எடுத்தனர். அந்த ஆண்டின் இடைப்பகுதியில் பிரமத சௌதுரி 'சபுஜ் பத்ர' என்னும் இதழைத் தொடங்கினார். நோபல் பரிசு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த தாகூர் அதில் மாதம் ஒன்றாக ஏழு கதைகளை எழுதினார். அவை 1916-இல் 'கல்ப சப்தக்' என்னும் தொகுப்பாயின. அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

'ஹைமந்தி' கணவனே சொல்லும் கதை. மலைநாட்டில் தந்தையின் அரவணைப்பில் வளர்ந்த பதினேழு வயதுப் பெண் கல்கத்தாக் கூட்டுக்குடும்பத்துக்கு மருமகளாக வருகிறாள். அவள் தந்தை பெருஞ்செல்வர் என்று நம்பியிருந்த வீட்டார், அது உண்மையன்று எனத் தெரிந்ததும் மாறிவிடுகின்றனர். வயதைக் குறைத்துச் சொல்லுமாறு கூறுகின்றனர். அவள் பொய் சொல்ல மறுக்கிறாள். மெல்ல மெல்ல நலிந்து இறக்கிறாள். இடம் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னபின், தானே அழைத்துச் செல்வதாகக் கணவன் ஒருமுறை தன் தந்தையிடம் பேசுகிறான். ஓர் அதட்டலில் அடங்கிவிடுகிறான். ஏன் அழைத்துச் செல்லவில்லை என்று நண்பர்கள் கேட்டபோது, ஊரார் சொல்லுக்காகச் சீதையைத் துறந்த மரபைத் தன் இரத்தத்தில் கொண்டவன் தான் என்கிறான். இப்பகுதி இராமகதையைப் பற்றிய விமரிசனமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. எனக்கோ, மரபை ஒரு சாக்காக முன்வைக்கும் படித்த இளைஞனின் வாக்குமூலமாகவே படுகிறது. கதையின் இறுதியில் தாய் அவனுக்கு மறுபெண் தேடத் தொடங்கிவிட்டாள். அதையும் அவனால் மறுக்க இயலுமா என்பது உறுதியில்லை.

'ஸ்திரீர் பத்ர', அதாவது 'மனைவியின் கடிதம்', இதற்கு நேர்மாறான கோணம் கொண்டது. பேச்சுவழக்கு வங்காளியில் தாகூர் எழுதிய முதல் சிறுகதை என இதனைக் குறிப்பிடுவது வழக்கம். பதினைந்து ஆண்டு மணவாழ்வில் கணவனுக்கு ஒரு கடிதமும் எழுதியிராத மிருணாள், பூரியிலிருந்து முதலும் கடைசியுமாக ஒரு கடிதம் எழுதுகிறாள். அவ்வீட்டின் மூத்த மருமகளின் தங்கை பிந்து, ஆதரவற்றவள். அவளை மனநிலை பிறழ்ந்த ஒருவனுக்கு மணம் முடித்துவிடுகின்றனர். அங்கிருந்து தப்பி வந்தவளுக்கு இவ்வீட்டில் இடமில்லை. இறுதியில் அவள் தன் ஆடையில் தீ வைத்துக்கொண்டு மாள்கிறாள். பெண்கள் இப்படித் தீக்குளிப்பது இப்போது ஒரு பாணியாகிவிட்டது என்று ஊரார் அலுத்துக்கொள்ளும் இடம் கதையில் உண்டு. சினேகலதா இறந்த ஆறேழு மாதங்களுக்குள் இதை வாசித்த கல்கத்தா வாசகர் எவருக்கும் அது யாரைப் பற்றியது என்று விளக்கத் தேவை இருந்திராது. தியாகியாக உயர்த்திப் பேசப்பட்ட ஒரு மரணம் எவ்வளவு விரைவில் வம்புப்பேச்சாகச் சுருங்கியது என்பதை இக்கதை பதிவுசெய்துள்ளது.

மிருணாளின் கணவன் கொடியவன் அல்லன். அவன் ஒழுக்கத்தின்மீது தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அவளே சொல்கிறாள். புகாரே இல்லாத ஒருவனை ஒரு பெண் ஏன் விட்டுச் செல்ல வேண்டும்? அன்றைய வாசகரைத் துணுக்குறச் செய்தது இக்கேள்வியே. சித்தரஞ்சன் தாஸ் நடத்திய 'நாராயண்' இதழில் விபின் சந்திர பால் இதற்கு ஓர் எதிர்க்கதை எழுதினார். சுதேசி இயக்கத்தின் முன்னணித் தலைவர் ஒருவர், ஒரு கற்பனைப் பெண்ணின் கடிதத்துக்கு மறுப்பு எழுத நேர்ந்தது என்பதே அக்கடிதத்தின் வலிமையைக் காட்டும். பிந்துவைப் போலத் தான் இறக்கப்போவதில்லை என்று மிருணாள் சொல்வதை இன்னொரு வகையிலும் காணவேண்டும். உயிரோடிருக்கும் மனைவி, கணவன் வழக்குத் தொடுத்தால் திரும்பிவர வேண்டியவள். ருக்மாபாய் நின்ற அதே சட்டத்தின் முன்தான் மிருணாளும் நிற்கிறாள். கதை அவளைப் பூரியிலேயே விட்டுவிட்டு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, 'அபரிசிதா'. மணப்பெண்ணின் நகைகளை எடைபோட மணமகனின் மாமா பொற்கொல்லரையே அழைத்துவருகிறார். பெண்ணின் தந்தை நகைகளைச் சோதிக்க விடுகிறார், விருந்தும் அளிக்கிறார். அதன்பின் மணமகன் வீட்டாரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த மணமகனே இக்கதையையும் சொல்கிறான். பின்னர் அவன் மாமாவை மீறிக் கான்பூர் சென்று அப்பெண்ணைத் தேடுகிறான். அவளோ பெண்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியை ஏற்றவள். மணம் வேண்டாம் என்கிறாள். காலம் கடந்து பேசியவனுக்கு அவள் அருகில் இருக்கும் வாய்ப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

இக்கதைகளை எழுதியவரின் வாழ்வையும் இங்கே மறைப்பதற்கில்லை. 1901-இல் தாகூர் தம் மகள்கள் இருவருக்கு மணம் செய்வித்தார். மாதுரிலதாவுக்கு அப்போது வயது பதினான்கு; ரேணுகாவுக்குப் பத்து. மூத்தவளின் திருமணத்தில் வரதட்சணைப் பேச்சும் நடந்தது. 1907-இல் மணமான மீராவின் இல்வாழ்வு இனிதாக அமையவில்லை. 1891-இல் 'தேனா பாவ்னா' எழுதியவர் பத்தாண்டுகள் கழித்து இவ்வாறு செய்தார் என்பதைக் கொண்டு கதைகளைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1914-இன் கதைசொல்லிகள் ஏன் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள இச்செய்திகள் உதவும் என்று கருதுகிறேன். வெளியிலிருந்து சீர்திருத்தம் பேசும் குரல் அன்று அக்கதைகள்.

இங்கே தமிழுக்கும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. 1915-இல் 'விவேகபோதினி'யில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்', படித்துறை கதை சொல்லும் தாகூரின் 'காட்டேர் கதா'வை அடியொற்றியது என்பது பலரும் சுட்டியதே. உத்தி அங்கிருந்து வந்தது; உறவின் சிக்கலோ 1914-இன் கதைகளுக்கு நெருக்கமானது. தந்தை செல்வத்தை இழந்தபின் ருக்மிணி புகுந்த வீட்டுக்கு வேண்டாதவளாகிறாள்; கணவன் நாகராஜனுக்கு மறுமணம் பேசுகின்றனர். அவன் இசைவது போல நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்டத் திட்டமிடுகிறான். அத்திட்டம் நண்பனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அவள் குளத்தில் உயிர்விடுகிறாள். ஐயர் 'ஹைமந்தி'யை அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு மொழிகள் ஒரே ஆளைக் கண்டுகொண்டன: நேசிக்கிறான், சொல்லவேண்டியவளிடம் மட்டும் சொல்வதில்லை.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1946-இல் தனித்து வாழும் மனைவிக்கு வாழ்க்கைப்பொருள் பெறும் உரிமை, 1955-இல் மணவிலக்கு, 1961-இல் வரதட்சணைத் தடை, 1983-இல் கணவன் வீட்டார் கொடுமைக்குத் தண்டனை. ஒவ்வொன்றும் பெண்கள் போராடிப் பெற்றது. அவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் சட்டம் பெரிதும் செயல்களையே எடைபோடும். ஹைமந்தியின் கணவன்மீது இன்று வழக்குப் பதிந்தாலும், அவன் என்ன செய்தான் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. அவன் ஒன்றும் செய்யவில்லை. அதுவே அவள் இறந்ததற்குக் காரணம்.

குடும்ப வரலாற்றை ஆராயும் மாணவர்கள் சட்டநூல்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் நாளிதழ்களையும் தேடிச் செல்கின்றனர், செல்லத்தான் வேண்டும். அவற்றோடு அதே ஆண்டின் இதழ்களில் வந்த சிறுகதைகளையும் மேசைமீது வைத்துக்கொள்ளுங்கள். மராத்தி, உருது, மலையாளம், கன்னடம் என உங்களுக்குத் தெரிந்த மொழியின் தொடக்ககாலக் கதைகளில், மருமகள் அழும் காட்சியில் மகன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் பாருங்கள். அடுத்த அறையிலா, வெளியூரிலா, வாசலிலா? கண்டவற்றைப் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் மற்ற ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.