கூலி வித்துவானும் தொழிலாளர் பாண்டும்

கலையை ஆர்வத்தாற் பயில்வார் ஒரு சாரார். அதனையே சீவனோபாயமாகக் கொண்டார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஓரணியில் நின்று பரிசிலுக்குப் போட்டியிடலாமோ என்னும் வினா, இங்கிலாந்து தேசத்துப் பித்தளை வாத்தியக் குழுக்களிடையே நெடுங்காலம் நிகழ்ந்ததொன்றாம். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம். பலர் கூடி ஒரு கருமத்தை நடத்தும் எவர்க்கும் அது பயன்படுமென்பது எம் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், வட இங்கிலாந்தின் நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த மக்கள், வேலை முடிந்தபின் ஒருங்கு கூடிப் பாண்டு வாசிக்கத் தலைப்பட்டனர். அதற்குக் கருவிகளின் அமைப்பே பெருந்துணை புரிந்தது. துராம்போன் நீங்கலாக, சிறிய கார்னெட்டு முதற் பெரிய பாஸ் ஈறாக ஏனையவற்றிற்கு விரல் வைக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. ஆகலின், ஒன்றைப் பயின்றான் மற்றொன்றனை எளிதிற் கைக்கொள்ளலாயினான். ஆலை முதலாளிகளும் பொருளுதவினர். யார்க்ஷயரில் ஜான் பாஸ்டர் என்பாருடைய ஆலையைச் சார்ந்து 1855-இல் தோன்றிய பிளாக் டைக் மில்ஸ் பாண்டு இவ்வாறு புகழ் பெற்றதே.

1853-இல் மான்செஸ்டர் நகரத்துப் பெல் வியூ சோலையில் ஆண்டுப்போட்டி தொடங்கிற்று. 1860-இல் எண்டர்பி ஜாக்ஸன் என்பாரின் முயற்சியால் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் பெரும்போட்டி நிகழ்ந்தது. பரிசும் புகழும் பெருகப் பெருக ஆசையும் பெருகிற்று. ஆண்டு முழுதும் உடன் பயின்ற இளைஞனை விலக்கிவிட்டு, போட்டி நாளில் மட்டும் வேற்றூர் வித்துவானைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் புகுந்தது.

இதனினும் நுட்பமான வழியொன்று முன்னரே இருந்தது. வேல்ஸ் நாட்டு மெர்த்தர் டிட்வில் என்னும் ஊரில், இரும்பாலைத் தலைவர் ராபர்ட் தாம்ஸன் கிராஷே 1838-இல் ஒரு பாண்டை நிறுவினார். தேர்ந்த வாத்தியக்காரரை வெளியூர்களினின்றும் வருவித்து, ஆலையிலும் வேலை கொடுத்தார். அவர் பெற்றது இரும்பு வேலைக்குக் கூலியோ, வாசிப்பிற்குக் கூலியோ? யார் பிரித்தறிவார்!

ஆயின் வித்துவான்கள் அறவே கூடார் என்பதும் பொருந்தாது. தொழிலாளர் பாண்டுகளை உயர்த்தினோர் தேர்ந்த ஆசிரியர்களே. ஜான் கிளாட்னி என்பார் மான்செஸ்டர் ஹாலே இசைக்குழுவிற் கிளாரினெட்டு வாசித்தவர். எட்வின் ஸ்விப்ட் என்பார் நெசவுத் தொழிலிலிருந்து உயர்ந்தவர். இவ்விருவரும் அலெக்ஸாண்டர் ஓவன் என்பாரும் அக்காலத்துச் சிறந்த பாண்டுகள் பலவற்றிற்கு ஆசானாயிருந்தனர். இவர்கள் கூலி பெற்றனர். எனினும், மாணாக்கனது இருக்கையைக் கவராது அவனுக்கு எதிரே நின்று கற்பித்தனர்.

வித்துவான்கள் தரப்பிலும் வழக்குண்டு. 1893-இல் மான்செஸ்டரில் ஜோஸப் வில்லியம்ஸ் என்னும் கிளாரினெட்டு வித்துவான் இசைத்தொழிலாளர் சங்கமொன்றை நிறுவினார். பகலில் வேறு வேலையாற் பிழைப்பவர், மாலையிற் குறைந்த கூலிக்கு வாசித்துத் தம் வாயிற்சோற்றைக் கெடுக்கின்றனர் என்று தொழின்முறையார் முறையிட்டனர். எனவே, புகுந்து கெடுத்தான் என்னும் பழி இரு பாலார்க்கும் உரியதே.

பின்னாளில், வாசிப்போர் இன்ன பாண்டினர் எனப் பெயர் பதியும் ஒழுங்கு ஏற்பட்டு, இரவற் கைகளை ஒருவாறு தடுத்தது.

இவற்றையெல்லாம் ஆய்ந்து யாம் துணிவது இது. பரிசிற் போட்டி என்பது ஓரூரார் ஓராண்டு பட்ட பாட்டை அளக்கும் கோலாம். அதன்கண் ஒருநாட் கூலியாளைச் சேர்த்தல் கள்ளப்படி கொண்டு அளப்பதனோடு ஒக்கும். திருவிழா, பொதுக்கச்சேரி முதலியவற்றில் வித்துவான் உடனிருந்து வாசிப்பதிற் குற்றமில்லை. ஆயின் அது வெளிப்படையாக நிகழ்தல் வேண்டும். அவர்க்குரிய கூலியும் குறைவறக் கொடுக்கப்படல் வேண்டும். ஆர்வத்தால் வாசிப்போரும், பொருள் பெற்று வாசிக்கப் புகுமிடத்து, தொழிலாளியின் விலையைக் குறைத்தல் தகாது.

பரிசுக் கோப்பை இழந்தால் மறுமுறை பெறலாம். ஆண்டு முழுதும் பயின்று கடைசி நாளில் விலக்கப்பட்ட இளைஞன் கருவியைக் கீழே வைத்துவிடின், அவன் மீண்டும் எடுப்பது அரிது. நம்மவர் எந்தக் குழுவை நடத்தினும் இதனை மறவாதிருப்பாராக.