பழத்தின் தித்திப்பும் கோப்பையின் கசப்பும்

காப்பி கசக்கும் என்பது நமக்குள் ஓர் அறிவாகவே படிந்துவிட்டது. ஏற்காட்டுத் தோட்டங்களில் மார்கழி வாக்கில் சிவந்து நிற்கும் பழத்தை வாயில போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். கொட்டையைச் சுற்றி வழவழப்பாக ஒரு தித்திப்பு. நாம் அறிந்த கசப்பு வறுத்த பிறகு வருவது. இதிலென்ன சரித்திரம் இருக்குங்கிறீங்களா? ஒரே பழத்துக்கு இரண்டு நாக்குகள் இருந்தன, ஒன்றுக்குத்தான் மொழி வாய்த்தது என்பதே அந்தச் சரித்திரம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளிப் பழங்குடிகளின் மலை (இவர்கள் கேரளத்தவர் அல்லர்) மெல்லத் தோட்டமாயிற்று. லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடும் (1883) ரிச்சர்ட்ஸின் கெஜட்டியரும் (1918) நிர்வாகத்துக்காக எழுதப்பட்ட பிரதிகள். நிலத்தையும் வரியையும் பயிரையும் எண்ணிக் காட்டுவது அவற்றின் வேலை. தித்திப்பை எண்ண முடியாது.

வணிகம் காப்பிக்குப் பெயர் வைத்தது. தோல் நீக்கி, நொதிக்கவிட்டு, கழுவிக் காயவைத்த அராபிகா ‘பிளாண்டேஷன்’. தோலோடு காயவைத்தது ‘செர்ரி’. நம்மூர் காப்பிப்பொடிக் கடைகளில் ‘பிளாண்டேஷன் ஏ’ இன்றும் புழங்குகிறது. உசத்திச் சரக்கைக் குறிக்கும் இச்சொல்லில் சுவை எதுவும் இல்லை, உடைமை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை வணிகத்தில் இதன் எதிர்ச்சொல் ‘நேட்டிவ்’ காப்பி. தரம் பிரிக்கும் மொழியே யார் உயர்ந்தவர் என்பதையும் சொல்லிவிட்டது.

பழியை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது, தொடு உணர்வுக்கு அடுத்தபடியாக நாக்கை வைக்கிறது. மூக்கும் கண்ணும் செவியும் அப்புறம்தான். ஆனால் தண்டியலங்காரத்தின் சுவையணிக்கு வரும்போது, சுவை என்பது வீரம், அச்சம், அவலம் என எண்வகை உணர்வாகிவிடுகிறது. நாக்கு கழன்றுகொள்கிறது. 1790இல் கான்ட்டும் அழகைத் தீர்ப்பிடும் ரசனையை நாவின் இன்பத்திலிருந்து பிரித்தார். பசி தீர்ந்த பிறகுதான் யாருக்கு ரசனை உண்டு, யாருக்கு இல்லை என்று தெரியவரும் என்பது அவர் வாதம். பசித்தவன் அங்கேயே வெளியேற்றப்படுகிறான்.

ஏற்காட்டைப் பற்றி எழுதவந்தால் காப்பி மணத்தை எழுதிவிடுகிறோம். நானும் எழுதியவன்தான். அது கோப்பைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் மூக்கு. செடிக்கு அந்தப் பக்கம் கூடையோடு நிற்பவருக்குத் தெரிந்த தித்திப்பு நம் எழுத்தில் இல்லை. தித்திப்பு, துவர்ப்பு, கைப்பு என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? நம் எழுத்தில் புலன்மொழி போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இதுவரை எழுதியது யாருடைய நாக்கு?