அரிவாள்: அறுத்தவர்களின் சொல்



தென்மாவட்டத்துக்காரர் என்றாலே சினிமா நம் கையில் ஒரு வீச்சரிவாளைக் கொடுத்துவிடுகிறது. சாதிப் பெருமை பேசும் சுவரொட்டியிலும் அதே அரிவாள்தான். கடையநல்லூரில் கருப்பாநதிப் பாசன வயல்களில் கதிர் அறுத்த என் அம்மாவின் கையில் இருந்தது வேறு அரிவாள். இந்த நினைவுரையில் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

'அரி' என்றால் அறு, வெட்டு. சங்கப் பாடல்களில் நெல் அறுப்பவர்களுக்கு 'அரிநர்' என்று பெயர். அறுத்து வைக்கும் ஒரு கைப்பிடிக் கதிரும் 'அரி'தான். வேலைக்கும், வேலை செய்தவருக்கும், விளைச்சலுக்கும் ஒரே வேர்.

'வாள்' என்றதும் போர்வாள் நினைவுக்கு வருகிறது. மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் தமிழில் வாள் என்ற பெயருண்டு. கதிர் அரிவாளின் உள்விளிம்பிலும் ரம்பம்போலப் பொடிப் பற்கள் இருக்கும். அந்தப் பல்விளிம்பு கருக்கு. அதனால் அது கருக்கரிவாள். அதை ஓங்கி வீச முடியாது. இடக்கை தாளைப் பிடிக்க, வலக்கை தன்பக்கம் இழுக்க வேண்டும். பனைமட்டையின் கூரிய விளிம்பையும் கருக்கு என்கிறோம். 1992இல் பாமா தன் நூலுக்கு வைத்த பெயரும் அதுதான்.

அரிநர் என்ற சொல்லுக்குள் நிலம் இல்லை, உழைப்பு மட்டுமே இருக்கிறது. அறுத்தவர்களுக்குக் கிடைத்தது கூலி நெல். எங்கள் பக்கம் அதைக் கொத்து என்பார்கள். அந்தக் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். அரிவாளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. கருக்கரிவாள் பரணில் துருப்பிடிக்கிறது. வீச்சரிவாள் மட்டும் திரையில் பளபளக்கிறது. இப்படியே விட்டால், நம் பிள்ளைகளுக்கு அரிவாள் என்றால் கொலைக்கருவி என்றுதான் தெரியும். நூற்றாண்டுகளாக ஊருக்குச் சோறு போட்ட கைகள் அந்தச் சொல்லிலிருந்து அழிந்துபோகும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குப் போகும்போது கதிர் அறுத்த பாட்டிகளிடம் உட்காருங்கள். அரி, கருக்கு, கொத்து என்ற சொற்களைக் கேட்டு எழுதுங்கள். எத்தனை அரி அறுத்தார்கள், எவ்வளவு நெல் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகராதியில் இல்லாத நம் வரலாறு அவர்களிடம் இருக்கிறது.

ஜெய் பீம்.