கொழுக்கிப்புழு ஆராய்ச்சியும் கண்டி மலைநாட்டுத் தோட்டங்களும்

மன்னர் வரலாறும் போர் வரலாறும் ஏடுகளில் எளிதில் இடம்பெறுவன. நோயின் வரலாறு அவ்வாறு இடம்பெறுதல் அரிது. எனினும், கண்டி மலைநாட்டின் காடுகளைத் தோட்டங்களாக்கிய மக்களின் வாழ்வை உள்ளவாறு அறிய விழைவோர், அவர்தம் குடலிற் குடியிருந்து குருதியை உண்ட ஒரு சிறு புழுவின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். எகிப்து நாட்டில் ஓர் அறிஞரின் கையிற் சிந்திய ஒரு துளி நீருக்கும் மடுல்கெல்லச் சாரலில் வெறுங்காலுடன் கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் உள்ள தொடர்பை அவ்வரலாறு காட்டும்.

மடுல்கெல்ல, நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள தோட்டப் பகுதி. 19ஆம் நூற்றாண்டில் இம்மலைநாட்டில் முதலிற் கோப்பி பயிராயிற்று. 1869இல் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. பயிர் மாறினும் உழைப்போர் மாறவில்லை. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தமிழ் மக்களே இத்தோட்டங்களின் உயிர்நாடியாயினர். அவர்கட்கு வாய்த்த உறையுள் நெருக்கமான லயன் அறைகள். மலசலகூடம் என்பது பெரும்பாலான லயன்களில் நெடுங்காலம் இருந்ததில்லை. தேயிலைச் செடிகளின் நிழலே அதற்கு ஈடாயிற்று.

இம்மக்களிடையே ஒரு நோய் பரவியிருந்தது. முகம் வெளிறும்; கால் வீங்கும்; சிறிது ஏற்றம் ஏறினும் மூச்சிரைக்கும்; உடல் ஓயாது சோரும். சிலர்க்கு மண்ணைத் தின்னும் வேட்கையும் உண்டாம். குருதி குன்றி உடல் வெளிறும் நிலையைப் பாண்டு எனத் தமிழ் மருத்துவர் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துரைத்தனர். ஆயினும் பெரட்டுக்களத்திற் பெயரைக் கூப்பிட்டோர்க்கு அது நோயாகத் தோன்றவில்லை, சோம்பலாகவே தோன்றிற்று. வேலை குறைந்தவனுக்குப் பேரும் குறைந்தது. நோயாளியையே குற்றவாளியாக்கிய இப்பிழையை நீக்கியமை ஆராய்ச்சியின் முதற்பயன் எனலாம்.

அவ்வாராய்ச்சி ஐரோப்பாவிலே தொடங்கிற்று. மிலான் நகர மருத்துவர் அஞ்செலோ துபினி, 1838இல் ஒரு பெண்ணின் சடலத்தை அறுத்து ஆராய்ந்தபோது குடலில் இப்புழுவைக் கண்டார். 1843இல் அதனை விளக்கி எழுதினார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென்ற கொத்தார்ட் சுரங்கத் தொழிலாளர் பலர் குருதி குன்றி வீழ்ந்தபோது, அதற்குக் காரணம் இப்புழுவே என இத்தாலிய ஆராய்ச்சியாளர் நிறுவினர். ஆயின், புழு உடலினுள் எவ்வழி நுழைகின்றது என்பது விளங்கவில்லை. அசுத்தமான நீரையும் உணவையும் உட்கொள்வதாலேயே அது வருகின்றதென யாவரும் கருதினர்.

இக்கருத்தை மாற்றியவர் ஆர்தர் லூஸ். 1861இற் செருமனியிற் பிறந்த இவர் கெய்ரோ நகரிற் புழுவியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். ஒருநாள் புழுக்குஞ்சுகள் நிறைந்த நீரை ஆய்வுப் பிராணிகளுக்கு ஊட்டுகையில், அதில் ஒரு துளி அவர்தம் கையிற் சிந்திற்று. அவ்விடம் எரிந்து சிவந்தது. பிறர் துடைத்துவிட்டு மறந்திருப்பர், லூஸ் மறந்திலர். அத்துளியை மீண்டும் வேண்டுமென்றே தோலிலிட்டு நோக்கினார். சில கிழமைகள் கழித்துத் தம் மலத்தைப் பரிசோதித்தபோது அதிற் கொழுக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். தோல் வழியாகவே புழு புகுகின்றது என்ற இம்முடிவை 1898இல் வெளியிட்டார். அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். பின்னர், வெட்டி நீக்கப்படவிருந்த ஒரு சிறுவனின் காலிற் புழுக்குஞ்சுகளை இட்டு, நீக்கியபின் அத்தோலை ஆராய்ந்து, அவை உட்புகுந்திருத்தலைக் காட்டினார். தோலிலிருந்து குருதி வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியே ஏறித் தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடலை எய்தும் அதன் நெடுவழியும் அவர் உழைப்பால் விளங்கிற்று. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது, செருமானியராதலின், எகிப்தில் அவர் வகித்த பதவியையும் ஆய்வுக் களத்தையும் இழந்தார். 1923இல் அவர் மறைந்தார்.

லூஸ் கண்ட உண்மையை மலைநாட்டோடு பொருத்திப் பார்த்தல் தகும். வெப்பமும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டை பொரித்து, ஏறத்தாழ ஒரு கிழமையிற் குஞ்சு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றது. தேயிலைத் தோட்டமோ இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம். அங்கு வெறுங்காலுடன் நடப்பது தொழிலாளியின் நாளாந்த வாழ்க்கை. ஒரு புழு நாள்தோறும் உண்ணும் குருதி ஒரு துளிக்கும் குறைவாகலாம். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உண்ணும்போது, அரைவயிற்று உணவினால் அவ்விழப்பை ஈடுசெய்தல் இயலாது. சோம்பல் எனப்பட்டதன் மெய்ப்பொருள் இதுவே.

நோய்க்கு மருந்தும் இருந்தது. தைமோல் என்னும் அம்மருந்து ஓமத்திலிருந்து வடிப்பது. தமிழ் இல்லங்களின் அஞ்சறைப்பெட்டியிலுள்ள ஓமமே செருமானிய ஆலைகளுக்குச் சென்று மருந்தாகித் திரும்பிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1913இல் அமைந்த றொக்பெல்லர் அறநிலையத்தின் சருவதேசச் சுகாதார ஆணைக்குழு, கீழ்த்திசைப் பணிப்பாளர் விக்டர் ஹைசர் என்பாரின் முயற்சியால், 1916இல் இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிற்று. கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைத் தோட்டங்களே முதற் களமாயின. மலம் பரிசோதிக்கப்பட்டது, நோயுற்றோர்க்குப் பேதியுப்பும் தைமோலும் கொடுக்கப்பட்டன. பிற்காலத்தில் தைமோலுக்கு ஈடாகக் கினொப்போடியம் எண்ணெயும், 1921இல் மோரிஸ் ஹால் ஆராய்ந்து வெளியிட்ட காபன் நாற்குளோரைட்டும் கையாளப்பட்டன. இவையாவும் அளவு தவறின் நஞ்சாவன. ஆதலின் மருந்துண்ண மக்கள் அஞ்சியமை அறியாமையால் மட்டும் எழுந்ததன்று.

மருந்துண்டோர் பலர் தெம்புற்றனர். ஆயினும் அவர்கள் திரும்பிச் சென்றது பழைய லயனுக்கும் பழைய மண்ணுக்குமே. மருந்து குடலைத் தூய்மையாக்கிற்று; மண்ணைத் தூய்மையாக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. மலசலகூடம் கட்டுதலே நிலையான பரிகாரம் என ஆணைக்குழுவினர் வற்புறுத்தினர். தொழிலாளரின் நலம் குறித்து 1912இற் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தும், செலவை எண்ணித் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். உழைப்பு மிகும் என்பதற்காக மருந்தை வரவேற்றோர், உழைப்பவனின் இருப்பிடத்தை மாற்ற முன்வராமை ஈண்டு நோக்கத்தக்கது. குறை கடலின் இக்கரையில் மட்டும் இருந்ததன்று. சென்னை மாகாணத்திலும் இந்நோய் மிகப் பரவியிருந்தது. ஆகவே புதிதாக வந்தோர் பலர் புழுவோடேயே வந்தனர். வரும் வழியிலுள்ள மண்டபம் முகாமிலும் பின்னர் மருந்தூட்டல் நடைபெற்றது. ஆயின், நோயுடன் வந்தவன் மீது பழியைச் சுமத்துதல், அவன் வந்தடைந்த இடத்தின் குறையை மறைத்துவிடும்.

இக்காலத்தில் ஒரே வில்லையில் அடங்கும் அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் உள. பாடசாலைப் பிள்ளைகட்கு ஒழுங்காகப் புழுமருந்து வழங்குமாறு உலக சுகாதார மாநாடு 2001இல் நாடுகளை வேண்டிற்று. இலங்கையில் முன்னைய கடுமை பெரிதும் தணிந்துள்ளது. எனினும் மருந்தோடு மலசலகூடமும் காலணியும் நல்லுணவும் சேர்ந்தாலன்றி வெற்றி நிலைக்காது என்னும் பாடம் பழமையுறவில்லை.

லூஸ் தம் கையில் விழுந்த துளியைப் பொருட்படுத்தினார். அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. அவ்வுண்மை வெளிப்பட்ட பின்னரும் மலைநாட்டு மண் பல்லாண்டு மாறாதிருந்தது. அறியாமையால் நேரும் துன்பத்தை அறிவு நீக்கும். அறிந்தும் செய்யாமையால் நேரும் துன்பத்தை நீக்குதற்கு அறிவோடு அறமும் வேண்டும். மலைநாட்டு மக்களின் வெளிறிய முகங்கள் வரலாற்றுக்கு விட்டுச்சென்ற சான்று இதுவேயாகும்.