மன்றத்துக்கு வெளிச்சம் வந்த கதை

உங்கள் ஊரில் ஒரு பழைய சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரையைச் செப்பனிட்டாயிற்று, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. இனி விளக்கு வேலைதான் பாக்கி. "பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால் தீர்ந்தது" என்கிறார் ஒருவர். அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடும் காரியமா இது? இதற்கு விடை காண நாம் 1881ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

இரு நகரங்கள், ஒரே ஆண்டு

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் நாடக அரங்குகளில் பெரும்பாலும் நிலக்கரி வாயு விளக்குகளே எரிந்தன. வாயுச் சுடர் ஒளியைவிட வெப்பத்தையே மிகுதியாகத் தந்தது. அரங்கின் காற்றிலிருந்த ஆக்சிஜனையும் அது செலவழித்தது. நாடகம் முடிவதற்குள் பார்வையாளர்கள் வியர்த்துக் களைத்துப் போவார்கள்.

1881 அக்டோபர் 10ஆம் நாள் லண்டனில் சவாய் அரங்கு திறக்கப்பட்டது. அதன் உரிமையாளரான ரிச்சர்ட் டாய்லி கார்ட், ஜோசப் ஸ்வான் உருவாக்கிய மின்னிழை விளக்குகளை அதில் பொருத்தியிருந்தார். மொத்தம் ஏறத்தாழ 1,200 விளக்குகள்! அருகிலிருந்த வெற்றிடத்தில் நீராவி எஞ்சினால் சுழலும் மின்னாக்கிகள் அவற்றுக்கு மின்சாரம் தந்தன. ஆனால் முதல் நாள் பார்வையாளர் பகுதியில் மட்டுமே மின்னொளி வீசியது. மேடைக்கும் சேர்த்து ஒளி தர எஞ்சினின் ஆற்றல் போதவில்லை. மின்சாரம் நின்றுவிட்டால் கொளுத்திக்கொள்ள வாயு விளக்குகளையும் அவர் தயாராக வைத்திருந்தார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரின் ரிங் அரங்கில் நாடகம் தொடங்கும் நேரம். மேடையின் வாயு விளக்குகளைப் பற்றவைக்கும்போது நெருப்புத் திரைகளைப் பற்றிக்கொண்டது. வாயு அடைக்கப்பட்டது. உடனே கட்டடம் முழுவதும் இருண்டது! அவசரத்துக்கென இருந்த எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கவில்லை. கதவுகளோ உட்புறமாகத் திறப்பவை. வழி தெரியாமல் இருளில் முட்டி மோதி மாண்டவர்கள் 384 பேர் என்பது அரசுக் கணக்கு.

இருபது நாள் கழித்து, டிசம்பர் 28ஆம் நாள் சவாய் அரங்கின் மேடைக்கும் மின்னொளி வந்தது. அன்று கார்ட் எரியும் விளக்கு ஒன்றை எளிதில் தீப்பற்றும் மஸ்லின் துணியில் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தார். எல்லோரும் பார்க்க அதை உடைத்தார். துணி கருகக்கூட இல்லை! காற்றுப் பட்டதும் கரியிழை நொடியில் எரிந்து அறுந்தது, மின்னோட்டம் நின்றது. வியன்னாவை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு இந்தச் சோதனை எத்தகைய ஆறுதல் அளித்திருக்கும்!

விளக்குக்குள் இருந்த நெருப்பு போயிற்று. ஆபத்தும் போய்விட்டதா? இல்லை, அது கம்பிக்கு இடம் மாறியது. தளர்ந்த இணைப்பும், உறை நைந்த கம்பியும், அளவுக்கு மீறிய மின்னோட்டமும் தீயை மூட்டக்கூடியவை. ஆகவே 1882ஆம் ஆண்டிலேயே லண்டனின் தந்திப் பொறியாளர் மற்றும் மின்னியலாளர் சங்கம், மின்விளக்கால் தீ நேராமல் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. புதிய விளக்கு வந்தால் கம்பிக்கும் புதிய ஒழுங்கு வேண்டும் என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

குழலும் படிகமும்

1938இல் ஒளிர்குழல் விளக்கு, அதாவது நம் டியூப் லைட், விற்பனைக்கு வந்தது. அதில் மின்னோட்டம் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கச் சோக்கு என்னும் கம்பிச்சுருள் தேவைப்பட்டது. குழலை முதலில் எரியவைக்க ஸ்டார்ட்டர் வந்தது. இவ்வாறு விளக்கோடு துணைக்கருவிகளும் கட்டடத்துக்குள் புகுந்தன.

எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடின் கதையோ இன்னும் பழையது. 1907இல் ஹென்றி ரவுண்ட் என்னும் பொறியாளர் சிலிகன் கார்பைடு படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தியபோது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டார். 1962இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டையோடைச் செய்தார். ஆனால் வெண்ணிற ஒளிக்கு நீல நிறம் வேண்டுமே! அதைப் பெறப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஜப்பானிய அறிஞர்களான அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் அதில் வெற்றி கண்டனர். 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்தால் நம் கண்ணுக்கு வெண்மை கிடைத்துவிடுகிறது.

எத்தனை விளக்கு?

இனி நம் கூடத்துக்குத் திரும்புவோம். அதன் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர் என்று கொள்வோம். பரப்பு 96 சதுர மீட்டர். கூட்டம் நடத்த 200 லக்ஸ் ஒளிச்செறிவு போதும் என்றால், தேவைப்படும் ஒளி 19,200 லூமென். சுவரும் தூசியும் விழுங்குவதை ஈடுகட்ட இதை இரு மடங்காக்கினால் ஏறக்குறைய 40,000 லூமென் ஆகிறது. 20 வாட் எல்.இ.டி. குழல் ஒன்று சுமார் 2,000 லூமென் தருகிறது. ஆக 20 குழல்கள், 400 வாட். இதே ஒளியை 60 வாட் குண்டு பல்புகளிலிருந்து பெற 3,400 வாட் செலவாகும்!

ஆகவே வாங்கும்போது வாட்டை மட்டும் பாராமல், பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமெனைப் பாருங்கள். 6,500 கெல்வின் என்றிருந்தால் ஒளி நீலம் பாய்ந்த வெண்மையாக இருக்கும். 2,700 கெல்வின் இளமஞ்சளாக இருக்கும். படிக்கவும் பேசவும் கூடும் இடத்துக்கு இடைப்பட்ட 4,000 கெல்வின் நன்று.

கம்பியை மறவாதீர்கள்

400 வாட் என்றால் 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. "இதற்குப் பழைய வயரிங்கே போதாதா?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சுமை குறைந்ததால் நைந்த உறை புதிதாகிவிடுமா? மின்விசிறியும் ஒலிபெருக்கியும் அதே கம்பிகளைத்தானே நம்பியிருக்கின்றன? எனவே முதலில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளின் மின்காப்பை மெகர் கருவியால் சோதிக்க வேண்டும். உலோக விளக்குச் சட்டங்களுக்கு எர்த் கம்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிரைவர். டையோடுக்கு வேண்டியது குறைந்த வோல்ட்டில் நேர்மின்னோட்டம். கம்பியில் வருவதோ 230 வோல்ட் மாறுமின்னோட்டம். இதை மாற்றித் தரும் சிறு மின்சுற்றே டிரைவர். டையோடு கெடுவதற்கு முன் பெரும்பாலும் வெப்பத்தால் டிரைவரே கெடுகிறது. ஆகையால் விளக்கைக் காற்றுப் புகாமல் கூரைத் தட்டிக்குள் புதைக்கக் கூடாது. ஸ்விட்சைப் போட்டதும் டிரைவர்கள் ஒரு கணம் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதால், எல்லா விளக்குகளையும் ஒரே ஸ்விட்சில் மாட்டுவதும் நல்லதன்று.

பழைய டியூப் சட்டத்திலேயே எல்.இ.டி. குழலைப் பொருத்துவதாயின், சோக்கை நீக்க வேண்டுமா, மின்சாரம் ஒரு முனையிலா இரு முனையிலா என்பதைக் குழலோடு வரும் படத்தில் பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் இது வேறுபடும். மாற்றிய சட்டத்தில் ஒரு சீட்டும் ஒட்டிவையுங்கள். நாளை வேறொருவர் அதில் பழைய குழலை மாட்டிவிடக் கூடாது.

ஸ்விட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மினுக்குகிறதா? ஸ்விட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். குண்டு பல்பு இருந்தவரை வெளியே தெரியாத பிழை இது! அப்படியானால் அணைத்த விளக்கிலும் அதிர்ச்சி தரும் மின்னழுத்தம் இருக்கும். நீண்ட தூரம் ஒட்டி ஓடும் கம்பிகளாலும், ஸ்விட்சிலுள்ள சிறு காட்டி விளக்காலும் இவ்வாறு மினுக்குவதுண்டு. எதுவாயினும் அலட்சியம் செய்யாமல் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி, சவாய் அரங்கில் தயாராக நின்ற வாயு விளக்குகளை நினைவுகூருங்கள். ஒரு வெளிச்சம் போனால் இன்னொன்று வேண்டும் என்பதை கார்ட் அறிந்திருந்தார். அந்த இன்னொன்று ஏற்றப்படாமல் கிடந்ததே வியன்னாவின் துயரத்தைப் பெருக்கியது. அன்று அதற்கு எண்ணெயும், ஏற்ற ஓர் ஆளும் தேவை. இன்று ஒரு சிறு மின்கலமும் சில வாட் எல்.இ.டி. விளக்கும் போதும்; மின்சாரம் நின்ற கணமே தானாக எரியும். கூடத்தின் விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு மின்சுற்றுகளில் பிரியுங்கள்; ஒரு சுற்றில் பழுது நேர்ந்தாலும் கூடம் முழுவதும் இருளாது. வாசலுக்கும் படிக்கட்டுக்கும் மின்கல விளக்கு வையுங்கள். செலவில் மிச்சம் பிடிக்க விரும்புவோர் வேறு எதில் வேண்டுமானாலும் பிடிக்கட்டும், இதில் வேண்டாம்.

வேலை முடிந்த அன்று மாலை இருட்டியதும் மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் வெளியே செல்லும் வழி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் விளக்கு வேலை இன்னும் முடியவில்லை.