டிரெய்லர் அலைவு: மூட்டின் வரலாறு

1914-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்து மரவணிகர் பிரெடரிக் சிப்லி, தம் படகை ஏரிக்கு எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டுமென்று கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபை அணுகினார். ஃப்ரூஹாஃப் செய்துகொடுத்த வண்டிக்கு முன்சக்கரங்கள் இல்லை. அதன் முன்பாரத்தை ஃபோர்டு மாடல் டி கார் தாங்கியது. செமி-டிரெய்லர் என்று பின்னர் பெயர்பெற்ற இவ்வமைப்பைச் சரக்குப் போக்குவரத்தின் வரலாறு பாரத்தின் அளவைக் கொண்டே பேசுகிறது. இழுபடும் வண்டி பக்கவாட்டில் அலையாதிருக்க அதன் மூட்டு எங்கே அமைய வேண்டும் என்ற கேள்வியும் இவ்வமைப்போடு சேர்ந்தே வளர்ந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

பிக்கப் டிரக்கின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி, அதன்மேல் ஒரு காரை ஏற்றிச் செல்லும் அமெரிக்க வழக்கத்தில் இக்கேள்வி தெளிவாகப் புலப்படும். டிரக்கின் பின்னச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பின்னே ஹிட்ச் பந்து நிற்கிறது. டிரெய்லர் அப்பந்தை இடப்பக்கம் தள்ளினால், பின்னச்சை நெம்புமையமாகக் கொண்டு டிரக்கின் முகம் வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பிய டிரக் டிரெய்லரை மறுபடியும் இழுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அடக்குவது டயர்களின் பக்கவிசையே. ஆனால் அவ்விசை, பக்கவாட்டு நகர்வின் வேகத்துக்கும் முன்செல்லும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஆகவே வண்டியின் வேகம் இருமடங்கானால் அடக்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிறது. ஓர் எல்லை வேகத்தைத் தாண்டியபின் ஒவ்வோர் அலைவும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. குறுக்குக் காற்றும் கடந்துசெல்லும் லாரியும் அலைவைத் தொடங்கி வைப்பவை மட்டுமே. அதனை வளர்க்கும் ஆற்றல் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது.

இதே இயல்பை இருப்புப்பாதை முன்னரே அறிந்திருந்தது. கூம்புவடிவச் சக்கரங்கள் தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஊசலாடுவதை ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1821-லேயே குறிப்பிட்டார். அதன் அலைநீளத்தை 1883-இல் கிளிங்கெல் கணக்கிட்டார். 1955-இல் பிரான்சில் மணிக்கு 331 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய சோதனை ரயில், தண்டவாளத்தையே வளைத்துவிட்டது. ஷின்கான்சென் ரயிலுக்காக இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ததாஷி மத்சுதைரா. போர்க்காலத்தில் விமான இறக்கைகளின் அதிர்வை ஆய்ந்தவர் அவர். இறக்கை, ரயில்பெட்டி, டிரெய்லர் ஆகிய மூன்றும் கணிதத்தில் உறவினர் என்பதை அவருடைய பணிவாழ்வே காட்டுகிறது.

சொற்களைப் பார்த்தால் இவ்வுறவு மறைந்துவிடுகிறது. ரயில் பொறியாளர் ஆங்கிலத்தில் இதனை வேட்டை என்னும் பொருள்படும் 'ஹன்டிங்' என்றனர். பிரித்தானிய கேரவன் ஓட்டிகள் பாம்பின் பெயரால் 'ஸ்னேக்கிங்' என்கின்றனர். அமெரிக்கர் 'ஸ்வே' என்பதோடு மீன்வாலையும் துணைக்கு அழைக்கின்றனர். ஜெர்மானியரின் 'ஷ்லிங்கர்ன்' கப்பலின் ஆட்டத்துக்கும் உரிய சொல். பிரெஞ்சு 'லாசே' காலணிக் கயிற்றின் குறுக்கு நெடுக்கு. உருவகங்கள் அழகியவை, ஆனால் அவற்றுள் பலவும் குற்றத்தை வாலின்மேல் சுமத்துகின்றன. இழுப்பதும் இழுபடுவதும் ஒரே தொகுதி என்பதை எச்சொல்லும் சொல்லவில்லை. 1938-இல் ஹான்ஸ் சீக்லர் டிரெய்லர்களின் பக்கவாட்டு அலைவையும், அதன்மீது பிரேக்குக்கும் சாலைச் சரிவுக்கும் உள்ள விளைவையும் ஜெர்மன் மொழியில் ஆராய்ந்து வெளியிட்டார். அலைவைப் பற்றிய கணக்கு அப்போதே இருந்தது. வண்டி ஓட்டியோரிடம் அது போய்ச் சேரத்தான் காலம் பிடித்தது.

போரின் முடிவில் அந்த இடைவெளி ஆபத்தானதாயிற்று. 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தில் லியோனார்ட் ஷோயனும் அன்னா மேரி ஷோயனும் யூ-ஹால் நிறுவனத்தைத் தொடங்கினர். தொழில்முறை ஓட்டுநர் அல்லாத குடும்பங்கள், வாடகை டிரெய்லரில் வீட்டுச் சாமான்களைத் தாமே ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கும் காலம் தொடங்கியது. இதன்பின் அலைவைத் தீர்மானித்தது பட்டறை மட்டுமன்று, பாரம் ஏற்றும் கையும்தான்.

காரை ஏற்றும்போது இது எண்ணளவில் விளங்கும். 1,500 கிலோ எடையுள்ள, முன்புறம் எஞ்சின் கொண்ட ஒரு காரின் எடையில் 60 விழுக்காடு முன்னச்சில் இருப்பதாகவும், அச்சுகளின் இடைவெளி 2.7 மீட்டர் என்றும் கொள்வோம். அதே இடத்தில் காரை முகம் மாற்றிப் பின்னோக்கி நிறுத்தினால் எடைமையம் 54 சென்டிமீட்டர் பின்னே போகிறது. ஹிட்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் 4.5 மீட்டர் தொலைவு எனில், ஹிட்ச் பந்தின் மேல் அமரும் எடை 180 கிலோ குறைகிறது. டிரெய்லரின் மொத்த எடை 2,400 கிலோவாகவும், முதலில் பந்தின்மேல் அதில் 12 விழுக்காடும் இருந்திருந்தால், எஞ்சுவது நாலரை விழுக்காடே. அமெரிக்க வழக்கம் கேட்பது 10 முதல் 15 விழுக்காடு. பின்புறம் எஞ்சின் கொண்ட பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு இக்கணக்குத் தலைகீழாகும்.

பிரித்தானியர் 5 முதல் 7 விழுக்காட்டோடு நிறைவடைகின்றனர் என்பது இங்கே முரணாகத் தோன்றலாம். அங்கே கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலே உச்ச வேகம். ஜெர்மனியில் பொதுவிதி 80 கிலோமீட்டர். தகுதிபெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100. அமெரிக்காவில் கலிபோர்னியா 55 மைல் என்று கட்டுப்படுத்துகிறது. வேறு பல மாநிலங்கள் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ஹிட்ச் பந்தின்மேல் வைக்கும் எடையும் சட்டம் அனுமதிக்கும் வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் பேரங்கள். ஒரு நாட்டின் எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்து மற்றொரு நாட்டின் வேகத்தில் ஓட்டுவது தவறு.

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அந்த மூட்டை முன்னே நகர்த்தும் முயற்சியே. விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1920-களின் இறுதியில் உருவாக்கிய ஏரோகாரில், இழுக்கும் காரின் உட்புறத்தில் படுக்கவைத்த ஒரு விமானச் சக்கரமே மூட்டாக அமைந்தது. குதிரை வண்டியின் முன்னச்சின் மேல் கிடையாகச் சுழன்ற வளையத்திலிருந்து பெயர்பெற்ற 'ஐந்தாம் சக்கரம்', பிக்கப் டிரக்கின் படுகையில் பின்னச்சுக்கு நேர்மேலே பொருத்தப்பட்டபோது நெம்புகோலின் நீளம் ஏறத்தாழச் சுழியமாயிற்று. ஜிம் ஹென்ஸ்லி வடிவமைத்த ஹிட்சோ, பந்தைப் பின்னே விட்டுவிட்டுச் சுழல்மையத்தை மட்டும் இணைப்புத் தண்டுகளால் முன்னே கொண்டுசென்றது. உராய்வுத் தண்டுகள் இவற்றைவிட மலிவானவை. அவை அலைவைத் தணிக்கும், தவறாக ஏற்றிய பாரத்தைத் திருத்தமாட்டா.

அலைவு தொடங்கிவிட்டால் செய்யவேண்டியதும் இந்த இயக்கவியலிலிருந்தே வருகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருத்த முயலும் ஓட்டுநரின் கை அலைவுக்குச் சற்றுப் பிந்தியே வினைபுரிவதால் அதனை வளர்த்துவிடும். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அப்போது டிரெய்லர் பந்தைப் பின்னிழுத்து நேராகிறது. டிரக்கின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் அது பந்தை முன்தள்ளுகிறது.

அமெரிக்காவில் 2011 செப்டம்பர் முதல் புதிய இலகு வாகனங்கள் அனைத்துக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாயிற்று. பல பிக்கப்களில் அதே உணரிகள் டிரெய்லரின் அலைவையும் உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியே பிரேக்கிடுகின்றன. இக்கூடுதல் செயலைச் சட்டம் கேட்கவில்லை. எஸ்ஏஇ அமைப்பின் ஜே2807 தரநிலை, இழுதிறனை அறிவிக்குமுன் அலைவு அடங்குவதையும் சோதிக்கச் சொல்கிறது. 2011 மாடல் டுன்ட்ரா டிரக்குக்கு டொயோட்டா அதனை முதலில் ஏற்றது. மற்ற நிறுவனங்கள் பின்னர் வந்தன. அத்தரநிலை இன்றும் விருப்பத்துக்குரியதே. அதன் சோதனையில் டிரெய்லரின் பாரம் முறைப்படி ஏற்றப்பட்டே இருக்கிறது.