பழவேற்காடு ஏரி: புளியந்தோப்பில் இருந்து ஒரு நைட் தங்கி பூநாரை பார்க்க முடியுமா? படகில் ஏறலாமா?

டிசம்பர், ஜனவரி வந்தாலே வடசென்னை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிடும்: 'பழவேற்காடு போலாம், போட்டிங் இருக்கு, நைட் ஸ்டே'. சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் இந்த டூர் நல்ல டூர்தான். ஆனால் அந்த மெசேஜில் உள்ள 'போட்டிங்' என்ற வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏன்?

2011-ல் என்ன நடந்தது?

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. ஏரியைச் சுற்றிப் பார்க்கக் குடும்பமாக வந்தவர்கள் ஏறிய மீன்பிடி படகு கவிழ்ந்தது. 22 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மேல் ஆட்கள், லைஃப் ஜாக்கெட் கிடையாது. அதன்பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. தடை வந்த பிறகும் 'தலைக்கு இவ்வளவு கொடுங்க, ஒரு ரவுண்டு போலாம்' என்று கூப்பிடும் ஆட்கள் இருக்கவே செய்கிறார்கள்.

ஏரி ஆழம் கம்மிதானே, என்ன ஆகிடும் என்று தோன்றும். அடியில் சேறு, கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் இழுப்பு. மீனவருக்கு அது தெரியும், டூர் வந்தவருக்குத் தெரியாது. அதனால் டூர் ஏற்பாடு செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாப்பாடு என்ன என்பதல்ல. படகு உண்டா, உண்டென்றால் யார் அனுமதி கொடுத்தது என்பதுதான்.

எப்படிப் போவது?

புளியந்தோப்புக்காரர்களுக்கு இது ரொம்ப ஈஸி. பக்கத்திலேயே பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கி.மீ., பஸ்ஸில் போகலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பேசின் பிரிட்ஜை ஒட்டி இன்று சாக்கடையாக ஓடும் அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான் பழவேற்காடு ஏரி வழியாக ஆந்திரா வரை போகிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. இப்போது அதைச் சொன்னால் சின்னப் பசங்க நம்ப மாட்டாங்க.

ஊரில் பார்க்க என்ன இருக்கு?

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பெயர் கெல்ட்ரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரில் இருந்து வந்தது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடம் இதுதான். அதாவது, செயின்ட் ஜார்ஜ் கோட்டை கட்டப்படும் முன்பே பழவேற்காடு ஒரு சர்வதேசத் துறைமுகம். இங்கிருந்து போன துணிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. 'பாளையக்காட்' கைலிக்குப் பெயர் வந்ததே இந்த ஊரில் இருந்துதான்.

துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் அடிபட்ட ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக இந்தக் கரையில் இருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலான டூர்களில் இதைச் சொல்வதே இல்லை.

கோட்டையில் மிஞ்சியிருப்பது புதர் மண்டிய மேடுதான், அதைத் தேடி ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடக் கூடாது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள், உள்ளே டச்சு மொழியில் செதுக்கிய கல்லறைப் பலகைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பனை ஓலையில் பெட்டி, கூடை பின்னும் பெண்களிடம் நேரடியாக வாங்கினால் காசு அவர்கள் கைக்கே போகும்.

பூநாரை எங்கே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். தமிழ்நாட்டுப் பக்கமும் பூநாரைகள் வரும், ஆனால் தரையில் நின்றபடியே கூட்டமாகப் பார்க்கணும்னா சுள்ளூர்பேட்டைதான் வசதி. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியின் நடுவே போகிறது. அட்டகானிதிப்பா பக்கம் விடியற்காலையில் நின்றால் இரண்டு பக்கமும் பறவைகள். படகே தேவையில்லை!

ஒரு விஷயம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி இரை தேடும். அதற்கு ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருஷங்களில் ஏரி நிரம்பியிருக்கும், பறவைகள் ஒதுங்கிவிடும், தண்ணீர் வடிந்த பிறகுதான் திரும்பும். அதனால் டிசம்பரைவிட ஜனவரி, பிப்ரவரி பாதுகாப்பான தேர்வு.

எங்கே தங்குவது?

பழவேற்காட்டில் தங்குமிடம் குறைவு. மதியம் ஊரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பொன்னேரி திரும்பி, ரயிலில் சுள்ளூர்பேட்டை போய் அங்கே லாட்ஜில் தங்குவது நல்லது. காலையில் பூநாரை, நேரமிருந்தால் வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடா. ஸ்ரீஹரிகோட்டா தீவில் இஸ்ரோ ஏவுதளம் இருப்பதால் அனுமதியின்றி உள்ளே போக முடியாது.

வழிகாட்டியாக யாரை எடுப்பது?

முடிந்தால் உள்ளூர் மீனவ இளைஞரை. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை ஊர்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறையை அவர்தான் விளக்க முடியும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் இறால், மீன் வரத்து எப்படிப் படுத்துவிடும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதும் அவர் வாயால் கேட்டால்தான் புரியும்.

சுள்ளூர்பேட்டையில் இருந்து சென்னைக்கு நேரடி மின்சார ரயில்கள் குறைவு. திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்பதை ரூமைக் காலி செய்யும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.